செண்பகவடிவைப் பார்க்க வந்தவர்கள்

கொள்ளிடத்தின் வடகரையில் ஒரு சிறிய மடம் இருந்தது. அங்கே இருந்த சாமிக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவருடைய சீடர் தில்லைநாயகமோ அறுபதைத் தாண்டியவர். அக்கரையில் இருக்கும் ஆலங்குறிச்சிப் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியாராக இருந்து, மனைவி போன பிறகு ஆற்றைக் கடந்து மடத்துக்கு வந்து சேர்ந்தவர். ஊரார் சாமியை இளையசாமி என்றார்கள். சாமி தன் சீடரை வாத்தியாரே என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு பங்குனி மாதப் பிற்பகலில் மடத்து வாசலில் மாட்டுவண்டி ஒன்று வந்து நின்றது. வண்டியில் ஒரு தகரப் பெட்டியோடு, கழுத்தைச் சுற்றித் துணி கட்டிய ஒரு பெண் இருந்தாள். அவளால் தானாக இறங்க முடியவில்லை. வண்டிக்காரன் உதவி செய்யாமல் மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சாமி போய்க் கை கொடுத்தார்.

"நான் யாருன்னு தெரியுமா சாமி?" என்றாள் அவள். குரல் காற்றைப் போல வந்தது.

"தெரியும்."

"தெரிஞ்சா கை கொடுக்க மாட்டாங்களே."

"பார்த்து இறங்குங்க. படி உயரம்" என்றார் சாமி.

அவள் நாடகக்காரி செண்பகவடிவு. அந்தப் பெயரைக் கேட்காதவர்கள் அந்தச் சீமையில் கிடையாது. அவளுடைய பாட்டு கிராமபோன் தட்டுகளில் வந்து, காப்பிக் கடைகளிலும் கல்யாண வீடுகளிலும் ஒலித்தது. அவளைப் பற்றிய பேச்சு அதைவிட அதிகமாக ஒலித்தது. கட்டிய கணவனை விட்டு வந்தவள். ஆலங்குறிச்சிக்காரர் ஒருவர் அவளுடைய கம்பெனியில் ஆர்மோனியம் வாசித்தார். மனைவியையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு அவளோடு குடித்தனம் நடத்தினார். அவள் குடித்துவிட்டு மேடைக்கு வருகிறாள் என்று பத்திரிகைகள் எழுதின. எழுதியதில் பாதி உண்மை.

ஆலங்குறிச்சிக்கு அவள்மேல் தனியாகவும் ஒரு கோபம் உண்டு. ஒரு மாசித் திருவிழாவில் அங்கே நாடகம் போட வந்தவள், சேரி ஜனங்களைக் கயிறு கட்டித் தூரத்தில் நிறுத்தியிருப்பதை மேடையிலிருந்து பார்த்தாள். பாட்டைப் பாதியில் நிறுத்தினாள். "அந்தக் கயித்தை அவுத்தாத்தான் பாடுவேன்" என்றாள். கயிற்றை யாரும் அவிழ்க்கவில்லை. செருப்பும் சாணி உருண்டையும் மேடையில் வந்து விழுந்தன. அவள் அன்றைக்குப் பாடவே இல்லை.

அப்படிப்பட்ட ஊருக்கே அவள் பிறகு குடிவந்தாள். ஆர்மோனியக்காரர் கடைசிக் காலத்தில் சொந்த ஊரில் சாக ஆசைப்பட்டார். அழைத்து வந்தாள். அவர் இறந்த பிறகும் அவள் போகவில்லை. ஆற்றங்கரைத் தெருவில் சொர்ணத்தம்மாள் வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தாள். அவள் தண்ணீருக்குப் போனால், தீட்டுப்பட்டதுபோல மற்றப் பெண்கள் தங்கள் குடத்தைக் கவிழ்த்துவிட்டுத் திரும்ப நிரப்புவார்கள். தொண்டையில் புற்று வைத்திருக்கிறது என்று தெரிந்ததும், சொர்ணத்தம்மாள் அவளுடைய தகரப் பெட்டியைத் தூக்கித் தெருவில் வைத்தாள். வேறு யாரும் வீடு தரவில்லை.

மடத்தின் கிழக்கு அறையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தார் சாமி.

கொஞ்ச நாளில் ஆலங்குறிச்சிக் கோயிலின் தர்மகர்த்தா பரிசலில் ஏறி மடத்துக்கு வந்தார்.

"மடம்னா அதுக்குன்னு ஒரு மரியாதை இருக்கு சாமி."

"இருக்குங்க."

"அந்தப் பொம்பளை இங்கே இருக்கப்படாது."

"போகச் சொல்லலாம். எங்கே போகணும்னு நீங்க சொல்லுங்க. நானே கொண்டுபோய் விட்டுட்டு வரேன்."

தர்மகர்த்தா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். எழுந்து போனார். அடுத்த வாரத்திலிருந்து ஊரிலிருந்து மடத்துக்கு வரும் அரிசி நின்றது. இருந்த நொய்யைக் கஞ்சியாக்கி அவளுக்கு முதலில் கொடுத்தார்கள். மிச்சத்தில் முருங்கைக்கீரையைப் போட்டு இவர்கள் குடித்தார்கள்.

அவளைப் பார்த்துக்கொள்ளும் வேலை தில்லைநாயகத்துக்கு வந்தது. அவர் அதுவரை ஒரு நாடகமும் பார்த்ததில்லை.

அவள் நல்ல நோயாளி இல்லை. கஞ்சி சூடாக இருந்தால் தட்டிவிடுவாள். ஆறியிருந்தாலும் தட்டிவிடுவாள். வலி கூடினால் கெட்ட வார்த்தை வரும். ஒரு நாள் அவர் திருவாசகம் படித்துக் காட்டினார். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டாள்.

"வாத்தியாரே, பாட்டு நல்லாத்தான் இருக்கு. உங்க வாயில அது படுற பாட்டைத்தான் சகிக்க முடியலை."

தில்லைநாயகத்துக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. மனைவி இறந்த பிறகு அவர் சிரித்தது அப்போதுதான்.

மற்றொரு நாள் அவள் கேட்டாள். "ஊர்ல என்னைப் பத்தி என்ன பேசிக்கிறாங்க?"

"ஒன்றும் பேசவில்லை அம்மா."

"உங்களுக்குப் பொய் சொல்ல வரலை. ஏசுறாங்கல்ல?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏசட்டும், ஏசட்டும். ஏசுற வரைக்கும் நான் இருக்கேன்னு அர்த்தம்."

வைகாசி பிறந்தபோது அவளால் எழுந்து உட்காரவும் முடியவில்லை. தில்லைநாயகம் முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சாய்த்து, கரண்டியால் கஞ்சி கொடுப்பார். ஒரு காலையில் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"வாத்தியாரே, உப்புப் போட மறந்துட்டீங்க."

அவர் அடுக்களைக்குப் போய் உப்பை எடுத்துக்கொண்டு வந்தார். அவள் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. உப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். சாமி வந்துதான் அந்தக் கையை விரித்து உப்பைத் தட்டிவிட்டார்.

சேதி பரிசல்காரன் வழியாக அக்கரைக்குப் போயிற்று.

முதலில் நாலைந்து பெண்கள் வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பரிசல் நிறைய வந்தார்கள். உச்சிவேளைக்குள் ஆற்றில் இருக்கும் எல்லாப் பரிசல்களும் மடத்துத் துறையில் நின்றன. முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தவர்களும் இருந்தார்கள். பெண்கள் தலையை விரித்துப் போட்டு, வாசல் மணலில் விழுந்து ஒப்பாரி வைத்தார்கள். "எங்களைப் பெத்த தாயே, எங்களை விட்டுப் போயிட்டியே" என்று ஒருத்தி அடித்துக்கொண்டாள். காப்பிக் கடைக்காரர் கிராமபோன் பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு வந்து, மடத்து வேலமரத்தடியில் வைத்து அவளுடைய தட்டைப் போட்டார். அவள் குரல் எழுந்ததும் ஆண்களும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

தில்லைநாயகம் மடத்துக் கதவைச் சாத்திவிட்டு அதன்மேல் முதுகை வைத்து நின்றார். கூட்டத்தின் முன்னால் சொர்ணத்தம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள்.

சாமி பின்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தார்.

"கதவைத் திறங்க வாத்தியாரே."

"திறக்க மாட்டேன் சாமி. இவர்கள் யாரென்று தெரியாதா உங்களுக்கு? கஞ்சிக்கு அரிசி தராதவர்கள். அதோ நிற்கிறாளே, அவள்தான் பெட்டியைத் தூக்கித் தெருவில் வைத்தவள். இத்தனையும் பொய்க் கண்ணீர்."

சாமி படியிறங்கிப் போனார். சொர்ணத்தம்மாள் முன் குனிந்து, தன் மேல்துண்டின் நுனியால் அவள் கன்னத்தைத் துடைத்தார். திரும்பி வந்து அந்த நுனியைத் தில்லைநாயகத்தின் கையில் கொடுத்தார்.

துணி நனைந்திருந்தது.

"ஈரமாத்தானே இருக்கு" என்றார் சாமி.

தில்லைநாயகம் கதவை விட்டு விலகவில்லை.

சொர்ணத்தம்மாள் கீழேயிருந்து பேசினாள். "வாத்தியாரய்யா, நீங்க என்னைத் திட்டுறது சரிதான். ஆனா அவ பாட்டைப் பாடாம நான் ஒருநாளும் உரல்ல கைவச்சதில்லை. அவ என் வீட்டுக்குக் குடிவந்தப்ப, சுவத்துக்கு அந்தப் பக்கம் அவ இருக்கான்னு நினைச்சாலே சந்தோஷமா இருக்கும். நேர்ல வந்துட்டாத்தான் ஆகாது. என்னமோ நம்ம வீட்டுக்குள்ள இருக்கிறதையெல்லாம் பார்த்துட்ட மாதிரி பார்ப்பா. அந்தக் கண்ணைப் பார்க்க எனக்குப் பயம். இப்ப மூடியிருக்குமில்ல. ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடறேன்."

அதைக் கேட்டதும் தில்லைநாயகத்துக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. பள்ளிக்கூடத்தில் பேசிப் பழகிய குரல் அவருக்கு. கிராமபோன் சத்தத்துக்கு மேலே எழுந்தது.

"எல்லோரும் கேளுங்கள். நீங்கள் ஏசிய இந்த அம்மா ஒரு உயிருக்கும் தீங்கு நினைக்காதவர். ஒருவரையும் ஒரு கடுஞ்சொல் சொல்லாதவர். நான் கூடவே இருந்து பார்த்தவன், சொல்கிறேன். இவர் தெய்வம். தெய்வத்தின் மேல்தான் நீங்கள் சாணியை எறிந்தீர்கள்."

கூட்டம் கேவியது. "தெய்வம்தான், தெய்வம்தான்" என்று பின்னாலிருந்து குரல்கள் வந்தன. தர்மகர்த்தா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்படிச் சொல்லாதீங்க ஐயா."

சத்தமாகச் சொல்லப்படவில்லை. ஆனாலும் எல்லோர் காதிலும் விழுந்தது. வேலமரத்துக்கு அப்பால், தனியாக ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். நடுவயதுக்காரி. வெளியூர்ச் சேலைக்கட்டு. அவள் கண்ணில் தண்ணீர் இல்லை.

"அவங்க கடுஞ்சொல் சொல்லுவாங்க. எனக்குச் சொல்லியிருக்காங்க" என்றாள்.

"யார் இவ?" என்றான் ஒருவன்.

"செத்தவங்களைப் பத்திப் பேசுற பேச்சா இது?"

"சாவு வீட்டுல வந்து நாக்கைப் பாரு. நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

ஒருத்தி அவளைப் பிடித்துத் தள்ளினாள். யாரோ மணலை அள்ளி வீசினார்கள். அது அவள் தலையிலும் தோளிலும் விழுந்தது. அவள் தட்டிவிடவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள்.

சாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளிடம் போனார்.

"எந்த ஊரம்மா?"

"சீர்காழிங்க சாமி. பேரு குஞ்சரம்."

"அவங்க போயிட்டாங்கன்னு கேள்விப்பட்டு வந்தீங்களா?"

"இல்லைங்க. உடம்பு முடியாம இங்கே இருக்காங்கன்னு கேள்விப்பட்டு வந்தேன். இன்னைக்குக் காலையில புறப்பட்டேன். துறைக்கு வந்து இறங்கினப்பத்தான் சொன்னாங்க."

"எதுக்காகப் பார்க்க வந்தீங்க?"

அவள் மடத்துக் கதவைப் பார்த்தாள்.

"ஒண்ணு கேக்கணும்னு வந்தேன்."

"இங்கேயே சொல்லலாம்னா சொல்லுங்க."

"சின்னப் புள்ளையில அவங்க கம்பெனியில இருந்தேன் சாமி. தோழி வேஷம். ஒருநாள் அவங்களுக்குச் சளி பிடிச்சு, அவங்க பாட்டை என்னைப் பாடச் சொன்னாங்க. ஜனங்க கைதட்டி, இன்னொரு தடவை பாடச் சொல்லிக் கேட்டாங்க. அவங்க திரைக்குப் பின்னாடி நின்னு கேட்டுக்கிட்டிருந்தாங்க. மறுநாளும் நான்தான் பாடினேன். பாதிப் பாட்டுல அவங்க மேடைக்கு வந்து ஆர்மோனியத்தை நிறுத்தினாங்க. எல்லார் முன்னாடியும் எங்கம்மா பேரைச் சொல்லி, நான் எப்படிப் பொறந்தேன்னு சொன்னாங்க. ஜனங்க சிரிச்சாங்க. அன்னைக்கே கம்பெனியை விட்டு வந்துட்டேன். அப்புறம் கல்யாணம் ஆச்சு. புள்ளைங்க பொறந்துச்சு. ஒரு தாலாட்டுக்கூடப் பாடலை சாமி. வாயைத் திறந்தா அந்தச் சிரிப்புத்தான் கேக்குது. ஏன் அப்படிச் செஞ்சீங்கன்னு கேக்கணும். அதுக்குத்தான் வந்தேன்."

அவள் சொல்லி முடித்தபோது கிராமபோன் தட்டும் முடிந்திருந்தது. அதை மாற்றிப் போட யாரும் போகவில்லை.

தர்மகர்த்தாவின் மனைவி வெள்ளிச் சொம்பில் பன்னீர் கலந்த தண்ணீரும், பட்டுச் சேலையும் கொண்டு வந்திருந்தாள். குளிப்பாட்டுகிற உரிமை தனக்கு வேண்டும் என்று வந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சாமி அவளிடம் போய்க் கை நீட்டினார். அவள் சொம்பைக் கொடுத்தாள். சாமி அதைக் கொண்டுபோய்க் குஞ்சரத்தின் கையில் வைத்தார்.

"கிழக்கு அறையில இருக்காங்க. குளிப்பாட்டி விடுங்க. கேக்க வேண்டியதைக் கேளுங்க."

"சாமி" என்றார் தில்லைநாயகம்.

"வழி விடுங்க வாத்தியாரே."

தில்லைநாயகம் கதவை விட்டு விலகினார்.

குஞ்சரம் உள்ளே போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே கூட்டம் காத்திருந்தது. அவள் பாடுவாளோ, கதறுவாளோ என்று சிலர் காது கொடுத்தார்கள். தண்ணீர் விழும் ஓசைதான் கேட்டது. நடுநடுவே அதுவும் நின்று போயிற்று.

வெகுநேரம் கழித்து வெளியே வந்தாள். சேலைத் தலைப்பு நனைந்திருந்தது. முகம் உள்ளே போனபோது இருந்தபடியே இருந்தது. சொம்பைச் சாமியிடம் கொடுத்தாள்.

"கேட்டேன் சாமி."

"சரி."

"அவங்க இடது கையில தீத்தழும்பு இருக்கு, பார்த்திருப்பீங்க. ஒரு தடவை மேடை விளக்கு சாஞ்சு என் தாவணி பத்திக்கிச்சு. எல்லாரும் ஓடினாங்க. அவங்கதான் ஓடிவந்து கையாலேயே கசக்கி அணைச்சாங்க. அந்தத் தழும்பு."

"அது மறந்து போயிருந்துச்சா?"

"ஒருநாளும் மறக்கலை சாமி. ரெண்டையும் மறக்கலை." அவள் கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். "கோபமும் போகலை."

சாமி தலையசைத்தார். அவள் யாரையும் பார்க்காமல் துறைக்கு நடந்தாள். ஊர்வலத்துக்கு நிற்கவில்லை. முதல் பரிசலில் ஏறி உட்கார்ந்துகொண்டு, அக்கரை போகிற வரைக்கும் இந்தப் பக்கம் பார்த்தபடியே போனாள்.

கதவு திறந்தது. ஊர் உள்ளே வந்தது.

சொர்ணத்தம்மாள் மூடிய கண்களைப் பார்த்துக் காலைப் பிடித்துக்கொண்டாள். அவளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போக இருவர் வேண்டியிருந்தது.

அப்படி ஒரு ஊர்வலத்தை ஆலங்குறிச்சி அதுவரை பார்த்ததில்லை. பூப்பல்லக்குக் கட்டினார்கள். தோள் கொடுக்க ஆண்கள் முண்டியடித்தார்கள். ஆற்றைக் கடந்து, கடைத்தெரு வழியாக, தேரோடும் வீதியின் முனைவரை கொண்டுபோய்த் திருப்பினார்கள். வீட்டுக்கு வீடு தண்ணீர் தெளித்திருந்தார்கள். அவள் வந்தால் குடத்தைக் கவிழ்த்த பெண்கள், குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து பல்லக்கின் முன்னால் ஊற்றினார்கள். ஆர்மோனியக்காரரின் வீட்டுக் கதவு மட்டும் சாத்தியிருந்தது. ஜன்னலில் அவருடைய மனைவி நின்றாள். பல்லக்கு கடந்து போனதும் ஜன்னலையும் சாத்தினாள்.

சேரி ஜனங்களும் வந்திருந்தார்கள். அவர்களைப் பின்னால், பறை அடிப்பவர்களுக்கும் பின்னால் வரச் சொன்னார்கள். சுடுகாட்டில் அவர்கள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். அங்கே கயிறு கட்டியிருக்கவில்லை. தேவைப்படவும் இல்லை.

தர்மகர்த்தா பேசினார். நம் ஊரின் மாணிக்கம் என்றார். ஏழைகளுக்காக நம் திருவிழா மேடையிலேயே குரல் கொடுத்த வீராங்கனை என்றார். கை தட்டினார்கள்.

கொள்ளி வைக்க யார் வருகிறீர்கள் என்று வெட்டியான் கேட்டான். அதுவரை முண்டியடித்த கூட்டம் அப்போது நகரவில்லை. கொள்ளி வைத்தால் உறவாகிவிடும். பிறகு கருமாதி வரைக்கும் தலையில் விழும். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெட்டியான் கொள்ளியைப் பிடித்தபடி நின்றான். தீ அவன் கை அருகே வந்துகொண்டிருந்தது.

தில்லைநாயகம் முன்னால் போய் அதை வாங்கிக்கொண்டார்.

ஆடியில் ஆற்றில் வெள்ளம் வந்து வடிந்தது. வெள்ளம் வடிந்ததும் தர்மகர்த்தாவும் ஒரு பத்திரிகைக்காரரும் மடத்துக்கு வந்தார்கள். செண்பகவடிவுக்கு ஊரில் ஒரு மண்டபம் எழுப்புவதாக முடிவாகியிருந்தது. நினைவு மலர் ஒன்று அச்சாகிறது. அதில் போட அவளுடைய கடைசி வார்த்தை வேண்டும்.

"நீங்கதானே கூட இருந்தீங்க. கடைசியா என்ன சொன்னாங்க?" என்று கேட்டார் பத்திரிகைக்காரர்.

"கஞ்சிக்கு உப்புப் போட மறந்துவிட்டேன் என்றார்கள்."

பத்திரிகைக்காரரின் பேனா காகிதத்தில் படாமல் நின்றது.

"அதுக்கு முன்னாடி?"

"அதற்கு முன்னால் விடிய விடிய இருமிக்கொண்டிருந்தார்கள்."

"கடவுள் பேரு, இல்லை நம்ம ஊரைப் பத்தி ஏதாவது?" என்றார் தர்மகர்த்தா.

"இல்லை."

அவர்கள் மோர் குடித்துவிட்டுப் போனார்கள்.

மண்டபத் திறப்புக்கு முதல் நாள் மலர் வந்து சேர்ந்தது. அட்டையில் அவள் இளம் வயதுப் படம். உள்ளே முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் அவளுடைய கடைசி வார்த்தை அச்சாகியிருந்தது. 'ஆலங்குறிச்சி மக்களே என் தெய்வங்கள். இந்த மண்ணில் என் உயிர் போவது என் பாக்கியம்.' இன்னொரு பக்கத்தில் மாசித் திருவிழாக் கதை இருந்தது. அவள் கேட்ட அந்த நொடியே ஊர்ப் பெரியவர்கள் கயிற்றை அவிழ்த்துவிட்டதாகவும், அவள் அன்றைக்கு விடிய விடியப் பாடியதாகவும் எழுதியிருந்தார்கள். குஞ்சரம் என்ற பெயர் எங்கும் இல்லை. ஆர்மோனியக்காரர் பெயரும் இல்லை.

சாமி தோட்டத்தில் கீரைப் பாத்திக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். தில்லைநாயகம் மலரை எடுத்துக்கொண்டு அங்கே போனார்.

"சாமி, இதைப் பாருங்கள்."

சாமி கையை உதறித் துடைத்துக்கொண்டு வாங்கினார். நின்றபடியே பக்கங்களைப் புரட்டினார்.

"படம் நல்லா இருக்கு" என்றார்.

"படம் மட்டும்தான் அந்த அம்மாவுடையது. மற்றதெல்லாம் வேறு யாரோ. இருந்தபோது பிசாசு என்றார்கள். அதுவும் அவர் இல்லை. இப்போது தெய்வம் என்கிறார்கள். அதுவும் அவர் இல்லை. ஒரு மனுஷியை மனுஷியாகப் பார்க்க ஏன் சாமி இவர்களால் முடியவில்லை?"

சாமி மலரைத் திருப்பிக் கொடுத்தார்.

"தெய்வம்னு முதல்ல சொன்னது யாரு வாத்தியாரே?"

தில்லைநாயகம் சட்டென்று ஏறிட்டுப் பார்த்தார். பிறகு பாத்தி வரப்பில் மெதுவாக உட்கார்ந்தார். வாய்க்கால் தண்ணீர் அவர் காலை நனைத்துக்கொண்டு போயிற்று. அவர் காலை எடுக்கவில்லை.

"ஒரு கடுஞ்சொல் சொல்லாதவர் என்று சொன்னேன்" என்றார். "அந்த அம்மா தினமும் என்னைத் திட்டினார்கள். நான் திருவாசகம் படித்தால் காதைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கு அது பிடித்திருந்தது சாமி. ஏன் அப்படி மாற்றிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை."

"ஊர்க்காரங்களுக்கும் அது தெரியாது."

சாமி மண்வெட்டியால் மடையைத் திருப்பி அடுத்த பாத்திக்குத் தண்ணீரை விட்டார்.

"ஒன்று கேட்க வேண்டும் சாமி. அன்றைக்கே கேட்க நினைத்தது."

"கேளுங்க."

"அழுதுகொண்டு அத்தனை பெண்கள் நின்றார்கள். சொர்ணத்தம்மாள் கண்ணீர் பொய்யில்லை என்று நீங்களே காட்டினீர்கள். அவர்களில் யாரையாவது குளிப்பாட்டச் சொல்லியிருக்கலாம். மனதில் கோபத்தை வைத்துக்கொண்டு, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் வந்தவர் அந்தக் குஞ்சரம் ஒருவர்தான். அவர் கையில் ஏன் சொம்பைக் கொடுத்தீர்கள்?"

சாமி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"மத்தவங்க எல்லாரும் செத்துப்போனவங்களைப் பார்க்க வந்தாங்க வாத்தியாரே. அந்த அம்மா ஒருத்திதான் உயிரோட இருந்தவங்களைப் பார்க்க வந்தாங்க."